மசீஹுல் முல்க் ஹகீம் அஜ்மல் கானும் கொள்ளைநோய்க் காலமும்

ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா 1768-இல் சேப்பாக்கத்தில் மாளிகை எழுப்பிக் குடியேறியபின், அறிஞரும் புலவரும் ஹகீம்களும் திருவல்லிக்கேணித் தெருக்களில் வந்து தங்கலாயினர். 1795-இல் பெரிய பள்ளிவாசல் எழுந்தது. அந்நாள் தொட்டு இப்பகுதி மக்களுக்கு நாடி பிடித்துப் பார்க்கும் ஹகீமும், ரோஜா குல்கந்தும், நன்னாரி சர்பத்தும் அயலானவை அல்ல. ஹகீம் என்னும் அரபுச் சொல் மருத்துவனையும் குறிக்கும், மெய்யறிவுடையோனையும் குறிக்கும். இவ்விரு பொருளுக்கும் ஒருங்கே உரியவராய் வாழ்ந்த ஒருவரின் வாழ்வை இம்மலரில் எழுத நாம் எண்ணினோம். தமிழ்த்துறை மலரில் தில்லி ஹகீமுக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். யுனானி என்பது யவன நாட்டைக் குறிக்கும் சொல். சங்கச் சான்றோர் யவனர் என்று பாடியதும், அரபியர் யூனான் என்று வழங்கியதும் ஒரே வேரிலிருந்து கிளைத்த பெயர்களே. ஆகவே சொல்லளவிலேனும் இம்மருத்துவத்தோடு நமக்குள்ள உறவு ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது.

ஹகீம் அஜ்மல் கான் 1868-ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் தில்லியில் பிறந்தார். முகலாய மன்னர்களுக்கு வழிவழியாக மருத்துவம் பார்த்த குடும்பம் அவருடையது. பல்லிமாரான் தெருவிலிருந்த ஷரீஃப் மன்ஸில் என்னும் அவர்தம் இல்லமே மருத்துவமனையாகவும் மருத்துவப் பள்ளியாகவும் விளங்கிற்று. இளமையில் திருக்குர்ஆனை மனனம் செய்தார். அரபியும் பாரசீகமும் கற்றார். தந்தையாரிடமும் தமையன்மாரிடமும் மருத்துவம் பயின்றார். 1892 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் இராம்பூர் நவாபின் தலைமை மருத்துவராகப் பணியாற்றினார். இராம்பூர் அரண்மனை நூலகம் அரபு, பாரசீக ஏடுகளுக்குப் பெயர்பெற்றது. கற்றறிந்த இளைஞர் ஒருவருக்கு அதனினும் சிறந்த இடம் வாய்த்திருக்க இயலாது.

அவர் இராம்பூரில் இருந்த காலத்திற்றான் இந்தியாவைப் பெருங்கேடு ஒன்று சூழ்ந்தது. 1896 செப்டம்பரில் பம்பாய் மாண்டவிப் பகுதியில் பிளேக் தலைகாட்டியது. சீனத்தின் யுன்னான் மலைநாட்டில் நெடுங்காலம் உறைந்து, 1894-இல் காண்டனையும் ஹாங்காங்கையும் அழித்து, கப்பலேறி வந்த நோய் அது. ஹாங்காங்கிலேயே, அவ்வாண்டிலேயே, யெர்சினும் கிட்டசாட்டோவும் அந்நோயின் கிருமியைத் தேடிக் கண்டனர். ஆயினும் கிருமியைக் கண்டோருக்கும் அதனைக் கொல்லும் மருந்து தெரியவில்லை. அது எவ்வாறு பரவுகிறது என்பதும் தெரியவில்லை. எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சியே அதனைச் சுமந்து வருகிறது என்று பால் லூயி சீமோன் கராச்சியில் 1898-இல் ஆய்ந்து கூறினார்; அதனைப் பலரும் ஏற்கப் பின்னும் சில ஆண்டுகள் சென்றன.

அரசு 1897 பெப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் கொணர்ந்தது. அச்சட்டத்தின் பெயரால் நிகழ்ந்தவை மக்கள் மனத்தில் நோயினும் பெரிய அச்சத்தை விளைத்தன. வீடுகளுக்குள் படைவீரர் புகுந்தனர். புகைவண்டி நிலையங்களில் ஆண் மருத்துவர் பெண்களின் அக்குளையும் அரையையும் தொட்டுச் சோதித்தனர். நோயுற்றோர் உறவினரிடமிருந்து பிரிக்கப்பட்டு முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்தம் துணிமணிகள் எரிக்கப்பட்டன. பூனாவில் பிளேக் அலுவலர் ராண்ட் 1897 சூனில் சுடப்பட்டார். 1898-இல் பம்பாயிலும் 1900-இல் கான்பூரிலும் கலகம் மூண்டது. அரசின் நோக்கம் தீதென்று நாம் கூறவில்லை. நோயாளியைத் தனிமைப்படுத்தல் வேண்டும் என்பது சரியே. ஆனால் மக்கள் நம்பும் ஒருவர் வாயிலாக அது சொல்லப்படவில்லை. அந்நம்பிக்கையைப் பெற்றிருந்தோர் ஹகீம்களும் வைத்தியர்களுமே. பம்பாயில் அந்தந்தச் சமூகத்தார் தமக்கெனத் தனி பிளேக் மருத்துவமனைகள் அமைத்துக்கொள்ளப் பின்னர் இசைவு கிடைத்ததும், எதிர்ப்பு ஓரளவு தணிந்தது.

அத்தகைய வேளையில், முப்பது வயது நிரம்பாத அஜ்மல் கான் பிளேக் நோய் பற்றி உருதுவில் ஒரு சிறுநூல் எழுதினார். தாஊன் என்பது அரபு மருத்துவ நூல்களில் அந்நோய்க்கு வழங்கும் பெயர். பொதுவாகப் பரவும் கொள்ளைநோய் எதனையும் வபா என்பர். அக்குளிலும் அரையிலும் காதின் பின்னும் கட்டி எழுப்பிக் கொல்லும் நோயைத் தாஊன் எனப் பிரித்துரைப்பர். நோய் பரவும் நாளில் மருத்துவ நூல் எழுத அமர்வது எளிய செயலன்று. முன்னோர் கூறியவற்றுள் எது பயன்படும், எது பயன்படாது என்பதை நோயாளியின் கட்டிலருகே நின்று முடிவு செய்தல் வேண்டும்.

முன்னோர் கூறியதுதான் யாது? யுனானி நூல்கள் உடலைக் குருதி, கபம், மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என்னும் நான்கின் கலவையாகக் காணும். ஒவ்வொருவர்க்கும் மிஜாஜ் எனப்படும் இயல்பு ஒன்று உண்டு. தனிமனிதனின் நோய் இக்கலவை பிறழ்வதால் வருவது. ஆனால் ஊரே ஒரு நாளில் நோயுறுமாயின் அதற்குத் தனிமனித இயல்பைக் காரணமாகச் சொல்ல இயலாதன்றோ? எனவே எல்லாரும் ஒருங்கே நுகரும் பொருள் கெட்டிருத்தல் வேண்டும் என்று முடிவு செய்தனர். அப்பொருள் காற்று. அழுகிய நீர்நிலை, புதைக்காத பிணம், பருவம் மாறிய வெப்பம் ஆகியவற்றால் காற்றுக் கெடும். கெட்ட காற்று இதயத்தைச் சென்று தாக்கும் என்றனர். ஆயுர்வேதத்தில் சரகரும் இதனையொத்தே, காற்று, நீர், நிலம், காலம் ஆகிய நான்கும் கெடுவதால் நாடே அழியும் எனக் கூறியுள்ளார்.

பழைய நூல்களைத் துருவிப் பார்க்கின் வியப்புக்குரிய செய்திகள் சில கிடைக்கும். பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு ஸீனா, கொள்ளைநோய் வருமுன் எலிகளும் மண்ணுக்கடியில் வாழும் பிற உயிர்களும் வெளியே வந்து, மயங்கியவை போலத் தள்ளாடித் திரியும் என்று தம் கானூனில் எழுதியுள்ளார். கண்டது சரி. அதற்கு அவர் கொண்ட காரணம், மண்ணின் கெட்ட ஆவி என்பது. எலியிடம் இருந்தது நோய் என்று அறிய உலகம் எண்ணூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் காத்திருந்தது. அவருக்கு முற்பட்ட அர்ராஸி, பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தி முதன்முதலாகத் தனிநூல் செய்தவர். பக்தாதில் மருத்துவமனைக்கு இடம் தேர்ந்தபோது ஊரின் பல பகுதிகளில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, எங்கே அழுகுதல் தாழ்த்ததோ அங்கே கட்டச் சொன்னார் என்று அவரைப் பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. கதையே ஆயினும், காற்றைச் சோதித்தறிய வேண்டும் என்னும் எண்ணம் அதில் உளது.

காற்றுக் கொள்கையோடு முரண்படும் மற்றொரு அறிவும் முஸ்லிம்களிடையே தொடக்கந்தொட்டே இருந்தது. நோயுள்ள ஊருக்குள் நுழையவேண்டா, அவ்வூரில் இருப்போர் அஞ்சி வெளியேறவும் வேண்டா என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. கி.பி. 639-இல் சிரியாவின் அம்வாஸில் கொள்ளைநோய் பரவியபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் எல்லையிலேயே திரும்பினார்கள். அந்நோயில் படைத்தலைவர் அபூ உபைதா (ரலி) அவர்கள் உயிர்நீத்தார்கள். பதினான்காம் நூற்றாண்டில் கிரனாடாவின் இப்னுல் கதீப், நோயாளியோடு பழகியோர் நோயுறுவதையும் விலகியிருந்தோர் தப்புவதையும் கண்ணாற்கண்டு, தொற்று என்பது மெய்யே என வாதிட்டார். அவர் கூற்றை அக்காலத்தார் பலர் ஏற்கவில்லை.

சீன நாட்டு மருத்துவரும் இதே வழியில் தடுமாறியும் தெளிந்தும் வந்தனர் என்பது ஈண்டு அறியத்தக்கது. குளிரும் வெப்பமும் பருவம் மாறித் தாக்குவதே கொள்ளைநோய் என்று அவர்களும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நம்பினர். மிங் அரசு சரிந்துகொண்டிருந்த நாளில், 1642-இல், வூ யூக்கெ என்னும் மருத்துவர் அதனை மறுத்தார். வழக்கமான குளிர்காய்ச்சல் மருந்துகள் பயன்படாது நோயாளிகள் மடிவதைக் கண்ட அவர், பருவக் காற்று வேறு, கொள்ளைநோய்க் காற்று வேறு. பின்னது வாய் வழியும் மூக்கு வழியும் புகுவது. நோய்க்கு நோய் அது வேறுபடும் என்று எழுதினார். பெரியம்மைக்கு, அம்மைப் பொருக்கைப் பொடித்து மூக்கில் ஊதும் தடுப்புமுறையும் சீனரிடம் வழங்கியது. வங்காளத்தில் டீக்காக்காரர் தோலைக் கீறி அம்மைநீரை ஏற்றினர். ஜென்னருக்கு முன்பே ஆசியா இவ்வழியில் நெடுந்தொலைவு வந்திருந்தது.

பண்டுவம் என்று வருகையில் யுனானி நூல்கள் கூறுவன பெரும்பாலும் காப்பு முறைகளே. வீட்டில் காடியும் பன்னீரும் தெளித்தல், சாம்பிராணியும் சந்தனமும் கற்பூரமும் புகைத்தல், எலுமிச்சை, மாதுளை, புளி முதலிய புளிப்புப் பொருள்களை உண்ணல், இறைச்சியையும் இனிப்பையும் குறைத்தல், ஆர்மீனிய நாட்டுச் செம்மண்ணை நீரிற் கரைத்துக் கொடுத்தல், பல சரக்குகள் சேர்ந்த திர்யாக் என்னும் நஞ்சுமுறியை ஊட்டல் ஆகியன அவற்றுள் சில. நோய் முற்றியபின் கட்டியைக் கீறி நஞ்சை வெளியேற்றுவர், குருதியும் வாங்குவர். இவற்றை இன்று எடைபோடின், தூய்மையும் எளிய உணவும் நோயாளிக்கு நலம் செய்திருக்கும். நலிந்தவனிடம் குருதி வாங்கியது தீங்கே செய்திருக்கும். பிளேக்கை இவற்றுள் எதுவும் குணப்படுத்தவில்லை. மேலை மருத்துவமும் குணப்படுத்தவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லல் வேண்டும். ஹாஃப்கின் 1897 சனவரியில் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்த தடுப்பூசி பலரைக் காத்தது. எனினும் 1902-இல் பஞ்சாபின் முல்கோவால் சிற்றூரில் மாசுற்ற மருந்து போடப்பட்ட 19 பேர் இசிவுநோயால் மாண்டனர். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்ட 1940-கள் வரை பிளேக் நோயாளிக்கு நம்பகமான மருந்து எவரிடமும் இருந்ததில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அந்நோய்க்கு இரையாயினர்.

இப்பெருந்தோல்வியை அருகிருந்து கண்ட ஹகீம்கள் இருவகையாயினர். முன்னோர் நூலில் இல்லாதது எதுவுமில்லை என்று கதவடைத்துக் கொண்டோர் ஒருவகை. தம் கலையில் குறை உண்டு, அதனை நிறைத்தல் வேண்டும் என்று ஒப்புக்கொண்டோர் மற்றொரு வகை. அஜ்மல் கான் பின்னவர். இதுவே அவர் வாழ்வின் அச்சாணி என்பது நம் கருத்து. அரசியலில் அவர் எய்திய உயர்வினும் இதனையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

தமையன்மார் இருவரும் அடுத்தடுத்து மறைந்தபின் குடும்பத்தின் மருத்துவப் பள்ளி அவர் கைக்கு வந்தது. நாட்டு மருந்துகளைத் தரம் பார்த்துச் செய்து விற்க இந்துஸ்தானி தவாகானாவைத் தொடங்கினார். பெண்களுக்கு மருத்துவமும் பேறுகாலப் பணியும் கற்பிக்க 1909-இல் ஒரு பள்ளி நிறுவினார். பிளேக் நாள்களில் பெண்களை ஆண்கள் சோதித்ததால் எழுந்த கொதிப்பை நினைவிற்கொள்வோர்க்கு இதன் இன்றியமையாமை விளங்கும்.

அக்காலத்தே மாகாண அரசுகள் மருத்துவர் பதிவுச் சட்டங்களைக் கொண்டுவரத் தொடங்கின. மேலை மருத்துவம் கற்றோர் மட்டுமே பதிவு பெறலாம். ஏனையோர் மருத்துவரே அல்லர் என்னும் நிலை உருவாகும்போல் இருந்தது. 1912-இல் பம்பாயிலும் 1914-இல் சென்னையிலும் அத்தகைய சட்டங்கள் வந்தன. இதனை முன்னுணர்ந்த அஜ்மல் கான் 1910-இலேயே ஹகீம்களையும் ஆயுர்வேத வைத்தியர்களையும் ஒரே மாநாட்டில் அமர்த்தினார். அதற்குமுன் இவ்விரு சாராரும் ஒரே மேடையில் அமர்தல் அரிது. சமயத்தால் வேறுபட்டோர் தொழிலால் ஒன்றுபட்ட அக்காட்சி, பின்னர் அவர் நாட்டளவில் செய்த பணிக்கு முன்னோட்டம் எனலாம்.

1911-இல் ஐரோப்பா சென்று இலண்டன், பாரிஸ், பெர்லின், வியன்னா முதலிய நகரங்களின் மருத்துவமனைகளைப் பார்வையிட்டார். இலண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் நிகழ்ந்ததாக ஒரு செய்தி பெருவழக்காக உள்ளது. அங்கு அறுவை மருத்துவராய் இருந்த ஸ்டான்லி பாய்டு, நோயாளி ஒருவரைக் காட்டிக் கருத்துக் கேட்டாராம். அவருக்குப் பித்தப்பையில் நோய் என்பது பாய்டின் முடிவு. குடலின் மேற்பகுதியில் புண் என்றார் ஹகீம். மறுநாள் வயிற்றைத் திறந்து பார்த்தபோது ஹகீம் கூறியதே சரியாயிற்று. பாய்டு அவரை வீட்டிற்கழைத்து விருந்தளித்தார். அவ்வெற்றியோடு அவர் மகிழ்ந்து திரும்பியிருந்தால் இக்கதை வெறும் பெருமைக் கதையாகவே நின்றிருக்கும். அவரோ வயிற்றைத் திறந்து பார்க்கும் கலை தம்மவரிடம் இல்லையே என்று எண்ணினார் போலும். தில்லியில் அவர் அமைத்த கல்லூரியில் ஹகீம்களுக்கும் வைத்தியர்களுக்கும் உடற்கூற்றியலும் அறுவை மருத்துவமும் கற்பிக்க ஏற்பாடு செய்தார். அக்கல்லூரிக்கு 1916-இல் ஹார்டிஞ்சு பிரபு அடிக்கல் நாட்டினார். 1921 பெப்ரவரி 13-இல் காந்தியடிகள் திறந்து வைத்தார். மேலை மருத்துவத்தைக் கடுமையாகக் கண்டித்து வந்த அடிகளார், அன்று அம்மருத்துவத்தாரின் ஆராய்ச்சி உணர்வைப் பாராட்டியதும், அது நம் வைத்தியரிடமும் ஹகீம்களிடமும் காணப்படவில்லை என வருந்தியதும் குறிப்பிடத்தக்கன. அடிக்கல் நாட்டியவர் வைசிராய், திறந்தவர் காந்தி. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் நாடும் அஜ்மல் கானும் கடந்த தொலைவு அது.

அரசு 1908-இல் அளித்த ஹாஸிகுல் முல்க் பட்டத்தை 1920-இல் அவர் துறந்தார். நாட்டின் மசீஹா எனப் பொருள்படும் மசீஹுல் முல்க் என்னும் பெயரை மக்கள் அவருக்குச் சூட்டினர். 1920-இல் ஜாமியா மில்லியாவின் முதல் வேந்தரானார். 1921 இறுதியில் அகமதாபாத் காங்கிரஸ் மாநாட்டில், சிறையிலிருந்த சி. ஆர். தாசுக்கு மாற்றாகத் தலைமை ஏற்றார். 1922-இல் சட்டமறுப்பு விசாரணைக் குழுவில் அவரோடு அமர்ந்தோருள் நம் இராஜாஜியும் கஸ்தூரிரங்க ஐயங்காரும் இருந்தனர். இத்தனைக்கும் இடையே காலைதோறும் பல்லிமாரான் இல்லத்தில் நோயாளிகளைப் பார்ப்பதை அவர் விடவில்லை. வாயிலுக்கு வந்த ஏழையிடம் கட்டணம் பெறார். தம்மை ஊர்விட்டு ஊர் அழைத்த அரசரிடம் பெருந்தொகை பெறுவார். அத்தொகை கல்லூரிக்கும் ஜாமியாவுக்கும் சென்றது.

அவர் எழுப்பிய வினா அதே ஆண்டுகளில் சென்னையிலும் எதிரொலித்தது. நாட்டு மருத்துவமுறைகளை ஆராயச் சென்னை அரசு 1921-இல் ஒரு குழுவை அமைத்தது. தலைவர் முஹம்மது உஸ்மான்; செயலர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி. வைத்தியர், ஹகீம்களிடம் வினாக்களை அனுப்பி, தமிழ், உருது, வடமொழி முதலிய பல மொழிகளில் விடை பெற்று 1923-இல் அறிக்கை அளித்தனர். இம்முறைகளுக்கு அரசு ஆதரவு வேண்டும், முறையான கல்வி வேண்டும், அறுவை மருத்துவத்தில் அவை மேலை மருத்துவத்திடம் கற்றல் வேண்டும் என்பது அதன் சாரம். 1925-இல் சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றையும் ஒருங்கே கற்பிக்கும் அரசுப் பள்ளி சென்னையில் தோன்றியது. சீனிவாசமூர்த்தி அதன் முதல்வரானார். அது கல்லூரியாக வளர்ந்து, பின்னர் 1960-இல் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியாய் முழுதும் மேலை மருத்துவத்திற்கு மாறியது. யுனானிக்கெனத் தனி அரசுக் கல்லூரி அரும்பாக்கத்தில் 1979-இற்றான் வந்தது. தியாகராய நகர் உஸ்மான் சாலையில் துணிக்கடைகளுக்குச் செல்வோர் எத்தனை பேர் அப்பெயருக்குரியவரை அறிவர்?

2020-இல் கொரோனாத் தொற்று வந்தபோது நாமும் அதே நிலையில் நின்றோம். அரசு கபசுரக் குடிநீர் வழங்கியது. வீடுதோறும் வேப்பிலையும் மஞ்சளும் நாடப்பட்டன. சிலர் எதனையும் நம்பினர், சிலர் தடுப்பூசியையும் மறுத்தனர். அந்நாள்களில் நம் மாணவர் பலர், பழைய மருத்துவம் கொள்ளைநோயைக் குணப்படுத்துமா என்று நம்மிடம் கேட்டனர். அஜ்மல் கானின் வாழ்வைத் தேடிப் படிக்க நம்மைத் தூண்டியது அவ்வினாவே. அவர் அவ்வினாவிற்குச் சொல்லால் விடை கூறிச் சென்றதைவிட, ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து விடை தேட முயன்றார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

பிராங்பர்ட்டில் வேதியியல் பயின்று 1927-இல் திரும்பிய சலீமுஸ்ஸமான் சித்தீக்கியைத் தம் கல்லூரியில் ஓர் ஆய்வுப் பிரிவை உருவாக்கப் பணித்தார். ஹகீம்கள் வழிவழியாக வழங்கிவந்த மூலிகைகளை வேதியியல் முறையில் பிரித்தறிவதே அதன் நோக்கம். அதன் பயனைக் காண அவர் உயிரோடு இல்லை. அவ்வாண்டு டிசம்பர் 29-இல் இராம்பூரில் நெஞ்சுநோயால் காலமானார். சித்தீக்கி சர்ப்பகந்தி வேரை எடுத்துக்கொண்டார். 1931-இல் அதிலிருந்து தாம் பிரித்த பொருள்களுள் ஒன்றிற்கு அஜ்மலின் என்று பெயரிட்டார். மறைந்திருக்கும் ஒருவகை இதயத்துடிப்புக் கோளாற்றைக் கண்டறிய ஐரோப்பிய மருத்துவமனைகளில் அதனைச் சிறிதளவு நரம்பிலேற்றி இன்றும் சோதிக்கின்றனர்.